கீழே புள்ளி வைத்த ச

சேம்பர் கொயரில் சேரப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள். எங்கள் பக்கத்தில் சேம்பர் என்றால் செங்கல் சூளை. கொயர் என்றால் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் மில். இரண்டும் சேர்ந்து அவள் மனதில் என்ன படமாக வந்ததோ தெரியவில்லை.

“நல்ல ஏசி ரூம்பு வேலைய விட்டுட்டு சூளையில நாரடிக்கப் போறியாட்டி?” என்று கேட்டாள்.

வேலையை விடவில்லை, இது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் என்று விளக்கினேன். பன்னிரண்டு பேருக்குள் அடங்கும் ஒரு சின்னப் பாடகர் குழு. மைக் கிடையாது, மேளம் கிடையாது. ஒரே பாட்டை நான்கு வரிசையாகப் பிரிந்து நின்று, நான்கு மெட்டில், ஒரே நேரத்தில் பாடுவார்கள்.

“நாலு பேரு நாலு மெட்டுல பாடுனா அதுக்குப் பேரு சண்டை,” என்றாள் அம்மா. பிறகு துருவலைத் தட்டில் உதிர்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “ஒன் கொரல அவிய கேட்டாச்சா?” என்றாள்.

அவள் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, ஆண்டு விழாப் பாட்டுக்கு என்னை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு நாள் ஒத்திகை பார்த்த பிறகு டீச்சர் என் பக்கத்தில் வந்து, “நீ வாயை மட்டும் அசை” என்றார். அதற்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாட்டு வகுப்புக்கும் இரண்டு வருடம் போயிருந்தேன். அங்கே எல்லாப் பெண்களுக்கும் ஒரே சுருதி, ஐந்து கட்டை. கீழே பாடும்வரை நான் நன்றாகத்தான் பாடினேன். மேலே போகப் போகத் தொண்டை கிழிந்துவிடும். வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீர் கொப்பளிப்பேன். கடைசியில் பாட்டு மிஸ் அம்மாவிடம், “ஆம்பளக் குரலா விழுந்திருச்சு, என்ன செய்ய,” என்று வருத்தமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பெயர் வீட்டிலேயே தங்கிவிட்டது. பத்து வருடங்களாக நான் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பிறந்தநாள் கேக்குக்கு முன்னாலும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பரிசோதனை அறையில் எனக்கு வேலை. நூலை ஒரு மெஷினில் மாட்டி, எந்த இழுப்பில் அறுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நூல் நூற்கும் ஆயிரக்கணக்கான கதிர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்பதால் அங்கே மட்டும் வாய் திறந்து பாடுவேன். பக்கத்து மேசை தங்கபாய் ஒருநாள் என்னைப் பிடித்துவிட்டாள்.

“காதுல கேக்கல. மேசை மேல கைய வச்சிருந்தேன், கைக்குத் தெரிஞ்சிட்டு,” என்றாள்.

அவள்தான் அந்தக் குழுவைப் பற்றிச் சொன்னாள். நான் முதலில் நம்பவில்லை. அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பு நாவலில், பனி மூடிய ஒரு சிற்றூரில், தபால் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு விதவை ‘அறைப் பாடகர் குழு’வுக்குப் போய்வருவாள். மாடியறை, கணப்பு அடுப்பு, சன்னலுக்கு வெளியே இருட்டுகிற ஆறு. அதெல்லாம் ரயிலே போகாத தூரத்தில் உள்ள தேசங்களில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தங்கபாயோ, ராஜபாளையத்தில் சனிக்கிழமைதோறும் அஞ்சு மணிக்கு, டீயும் பருப்பு வடையும் உண்டு என்றாள். அவள் ஆல்டோ வரிசையில் பாடுகிறாள். ஆல்டோ என்றால் பெண்களின் கீழ்க்குரல்.

அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெண்களுக்கே ஒரு கீழ்க்குரல் இருக்கிறது, அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. அந்த வரிசையில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் இந்தப் பழைய பெயர் உதிர்ந்துவிடும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

குழு கூடும் இடம் ஒரு பேண்டேஜ் கம்பெனியின் மாடி அறை. கம்பெனிக்காரர் சனிக்கிழமைகளில் சும்மா திறந்துவிடுகிறார். மூன்று பக்கச் சுவரிலும் மருத்துவப் பஞ்சுச் சுருள்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. பஞ்சு எதிரொலியை எல்லாம் குடித்துவிடுவதால் அங்கே ஒருவர் இருமினால்கூட அவர் குரல் அப்படியே வெறுமையாகக் கேட்கும். கணப்பு அடுப்பு இல்லை. இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்று ஓடவில்லை.

பதினொரு பேர் இருந்தார்கள். நடத்துகிறவள் ஹெப்சிபா அக்கா. வயது முப்பத்தைந்து இருக்கும், வங்கியில் வேலை. சில வருடங்களுக்கு முன் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுக்காகச் சேர்ந்த கூட்டம், பண்டிகை முடிந்தும் கலைய மனமில்லாமல் தனியாக வந்துவிட்டதாம். பிறகு வந்தவர்களில் எல்லாரும் உண்டு. மின்வாரியத்தில் கம்பம் ஏறும் ரத்தினம் அண்ணனும், செண்பகத்தோப்பு வனத்துறைச் சாவடியில் வேலை பார்க்கும் ஜோயலும் பேஸ் வரிசை, அதாவது ஆண்களின் அடிக்குரல். ஆண்களின் மேல்குரலான டெனரில் ஒரே ஓர் ஆள்தான். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜபருல்லா அண்ணன். அவருடன் நின்றவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ஹெப்சிபா அக்கா என்னைப் பாடச் சொல்லவில்லை. ஆல்டோ வரிசையில் தங்கபாய்க்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, குழுவின் வழக்கத்தைச் சொன்னாள். மூன்று சனிக்கிழமை எல்லாரோடும் சேர்ந்து பழக வேண்டும். நான்காவது சனிக்கிழமை, வரிசைக்கு ஒருவராக நான்கே பேர் நின்று பாட வேண்டும். நம் வரிசையில் நாம் மட்டும்தான், ஒளிந்துகொள்ள ஆள் இருக்காது. மெட்டு கலையாமல் நின்றால் சேர்த்துக்கொள்வார்கள். கலைந்தால் ஆறு மாதம் கழித்து வரலாம். அதற்கடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலக விழாவில் குழு பாடுகிறது.

போகும்போது எல்லாருக்கும் புதுப் பாட்டின் தாள் கொடுத்தாள். அய்யனார் கோவில் ஆற்றில் முதல் தண்ணீர் வருவதைப் பற்றி ஜோயல் எழுதிய பாட்டு. அடுத்த வாரம் படித்துவிட்டு வரச் சொன்னாள்.

பேருந்தில் தாளைப் பிரித்தேன். என் நெஞ்சு துள்ளிவிட்டது. எனக்குத் தெரியாத கோடுகளும் கொக்கிகளும் இருக்கும் என்று பயந்திருந்தேன். அங்கே ஹெப்சிபா அக்காவின் கையெழுத்தில் த, ர, ம, ப, ச என்று தமிழ் எழுத்துகள். சில எழுத்துக்குக் கீழே புள்ளி. புள்ளி வைத்தால் கீழ் ஸ்தாயி என்று எனக்குத் தெரியாதா? ஆல்டோ வரியை முழுக்கத் தேடினேன். க இல்லை, நி இல்லை. ச ரி ம ப த மட்டும் உள்ள ராகம் எது? சுத்த சாவேரி. பாட்டு வகுப்பில் முதன்முதலாக நான் அழகு என்று உணர்ந்த ராகம். திருவண்ணாமலைக்கோ வேறெங்கோ பிரிந்துபோன தோழி ராஜபாளையத்தில் பேருந்து ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

அந்த வாரம் தங்கபாய்க்கு இரண்டாம் ஷிப்ட். மில்லில் அவளைப் பார்க்கவே முடியவில்லை. கேட்க வேண்டியதும் எதுவும் இல்லையே. தினமும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குத் தோதான சுருதியில், சுத்த சாவேரியில் அந்த வரியைப் பாடிப் பாடி மனப்பாடம் செய்தேன். கொஞ்சம் விநோதமான மெட்டுதான். திடீரென்று மேலே தாவும், திடீரென்று கிணற்றில் விழும். வெளிநாட்டு முறையில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களிலும் சில வாக்கியங்கள் அப்படித்தான் போகும், பழகிவிட்டால் பிடித்துவிடும்.

இரண்டாவது சனிக்கிழமை ஹெப்சிபா அக்கா இசைக்கவையை முழங்கையில் தட்டிக் காதில் வைத்து, தொடங்கும் ஒலியைக் கொடுத்தாள். அதையே ச என்று எடுத்துக்கொண்டேன். எல்லாரும் பாடத் தொடங்கினோம். இரண்டு வரி தாண்டவில்லை, அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். மறுபடி தொடங்கினோம், மறுபடி நிறுத்தினாள். மூன்றாம் முறை, ஆல்டோ ஒவ்வொருவராகப் பாடுங்கள் என்றாள். தங்கபாய் இல்லாததால் மற்ற இருவரும் பாடினார்கள். அவர்கள் பாடியது வேறு மெட்டு. அவர்கள்தான் தப்பாகப் பாடுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன், இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

என் முறை வந்தது. மேலே தாவும் இடங்களில் குரல் மெலிந்து கிழிந்தது. அந்த அறையில் பஞ்சு எதையும் மறைக்காது. அப்புறம் வரி இறங்கத் தொடங்கியது. கடைசியில் கீழே புள்ளி வைத்த ச. கிணற்றின் அடியில் கால் தரை தொட்டதுபோல் அதில் போய் நின்றேன். நான்கு தட்டு நீட்ட வேண்டும், நீட்டினேன்.

அந்த ஒலி தன் பக்கத்திலிருந்து வருகிறது என்று நினைத்து ஜோயல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

முடித்தேன். ரத்தினம் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஹெப்சி, இதையும் சேத்துக்கிடுவோம். நம்ம பாட்ட விட இது நல்லாருக்கு,” என்றார். அறை முழுக்கச் சிரித்தது. ஹெப்சிபா அக்கா சிரிக்காமல் என் தாளை வாங்கிப் பார்த்தாள். இதை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

அவர்களுக்கு ஏழு படிகள் தோ, ரே, மி, ஃபா, சோ, லா, தி. முதல் எழுத்தை மட்டும் எழுதுவார்கள். ஆங்கில எழுத்து வராதவர்களுக்காக அதையே தமிழில் எழுதிவைத்திருந்தாள். த என்றால் தோ, அது நம்முடைய ச. ம என்றால் மி, அது நம்முடைய க. ஆய்த எழுத்துப் போடச் சோம்பல்பட்டு ஃபாவை ப ஆக்கியிருந்தாள். ச என்றால் சோ, நம்முடைய ப. லாவும் தியும் என் வரியில் வரவே இல்லை. நான் ஒரு வாரமாக உயிரைக் கொடுத்துப் படித்தது உலகத்தில் இல்லாத ஒரு பாட்டு.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். டீ வரும் நேரத்தில் நழுவிவிடலாம் என்று இருந்தேன். ஹெப்சிபா அக்கா விடவில்லை.

“அந்தக் கடைசி ச, அத மட்டும் இன்னொருக்க பாடுங்க,” என்றாள்.

பாடினேன். இன்னும் ஒரு படி கீழே போகச் சொன்னாள். ஜபருல்லா அண்ணனைக் கூடவே பாடச் சொன்னாள். பிறகு இருவரையும் மாறி மாறி. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருவதைப் பார்த்தேன், அது எதற்கு என்று உடனே புரிந்துவிட்டது. என்னை டெனருக்கு மாறச் சொல்லப்போகிறாள்.

சொல்லவும் செய்தாள். அங்கே ஒரே ஆளாக இருக்கிறது, உங்கள் குரல் ஆல்டோவில் மேலே போகும்போது கஷ்டப்படுகிறது, டெனரில் கஷ்டமே இருக்காது என்றாள்.

“அது ஆம்பளைய வரிசைல்லா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அது டெனர் வரிசை. இதுவரைக்கும் அதுல ஆம்பளைய நின்னாவ, அம்புட்டுதான்.”

நல்ல பதில்தான். ஆனால் நான் பத்து வருடம் ஓடிவந்து எந்த வாசலில் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது ஜபருல்லா அண்ணன் வண்டியில் வந்து நின்றார். பின்னால் யார் வீட்டு மிக்சியோ கயிற்றில் கட்டியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மிக்சியின் முடிச்சைச் சரிபார்ப்பதுபோல் நின்றார்.

“தப்பா எடுத்துக்கிடாதீங்க தங்கச்சி. நாலு மாசமா ஒத்தைல பாடுதேன். பேஸ்ல மூணு பேரு, ஒருத்தர் மூச்சு விட்டா இன்னொருத்தர் இழுத்துக்கிடுவாக. நான் மூச்சு விட்டா டெனரே நின்னு போவுது. பாட்டு முழுக்க எங்க மூச்சு விடுறதுங்கிற யோசனைதான். பாடுற சந்தோசமே போச்சு.” பிறகு, “நீங்க ஆம்பளையா பொம்பளையான்னு நான் பாக்கல. நான் மூச்சு விடுற எடத்துல ஒரு ஆளு வேணும்,” என்றார்.

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். என் பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

பேருந்து சன்னலுக்கு வெளியே மலை கறுத்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை வேறு யாரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தேன். என் குரலை எங்கே ஒளித்துவைப்பது என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள், நானும்கூட. இவருக்கு அது இல்லாமல் மூச்சு முட்டுகிறது.

டெனர் தாளைத் தங்கபாயிடமிருந்து செல்போனில் வாங்கினேன். இந்த முறை எச்சரிக்கையாக, ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே சிவப்பு மையில் நம்முடைய ஸ்வரத்தை எழுதினேன். வீட்டில் மெதுவாகப் பாடிப் பார்த்தேன். அப்புறம் மெதுவாக இல்லாமல் பாடினேன். எங்கும் தாவ வேண்டியிருக்கவில்லை, எங்கும் கிழியவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். கையில் கரண்டி இருந்தது. ரொம்ப நேரமாக நின்றிருப்பாள் போல.

“தொண்ட வலிக்கலையாட்டி?” என்றாள்.

“இல்லம்மா.”

“அம்புட்டு நேரம் பாடுறியே.”

“வலிக்கல.”

அவள் கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “பொறவு என்ன எழவுக்கு அந்தப் பொம்பள ரெண்டு வருசம் ஒன்ன மேல மேலன்னு இழுத்தா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை ஜபருல்லா அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றேன். சிவப்பு மை போட்ட என் தாளை எட்டிப் பார்த்த ஜோயல், “மொழிபெயர்ப்பா?” என்று கேட்டான். ஆமாம், மூலத்தைவிட நல்லா இருக்கும் என்றேன். ரத்தினம் அண்ணன் என்னை, “ஏலே பாண்டி,” என்று ஒரு பையனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுப் பார்த்தார். ஆம்பள வரிசையில் நின்றால் ஏலேதான் என்றார். ஹெப்சிபா அக்கா முறைத்தாள். எனக்கு ஆச்சரியம், அது குத்தவில்லை. அவர் எல்லாரையும் அப்படித்தான் ஏதாவது சொல்வார், அந்த ‘எல்லார்’ பட்டியலில் நானும் சேர்ந்திருந்தேன். ஆனாலும் இன்னும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. நான்காவது சனிக்கிழமை மீதி இருந்தது.

அந்த நான்காவது சனிக்கிழமை தங்கபாய் முதல் ஷிப்டுக்கு மாறி வந்துவிட்டாள். அறையின் நடுவில் நான்கு பேர் வட்டமாக நின்றோம். பெண்களின் மேல்குரலுக்கு ஹெப்சிபா அக்கா, ஆல்டோவுக்குத் தங்கபாய், பேஸுக்கு ஜோயல். டெனருக்கு நான். ஜபருல்லா அண்ணன் பஞ்சுச் சுருளில் சாய்ந்து உட்கார்ந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வரி நன்றாகப் போனது. இரண்டாம் வரியில் ஒரு ப. கீழே சிவப்பில் ம என்று நானே எழுதியிருந்தேன். இருந்தும் என் கண் மேலே உள்ள எழுத்தைத்தான் படித்தது, பாட்டு வகுப்புப் பெண் எனக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, பஞ்சமத்தைப் பாடிவிட்டாள். உடனே காதில் ஓர் உராய்வு. ஹெப்சிபா அக்காவின் ஒலிக்கும் என் ஒலிக்கும் நடுவில் மணல் விழுந்ததுபோல் கரகரத்தது. நின்றுவிடலாமா என்று தோன்றியது. பழைய பழக்கம், உதடு தானாக வெறும் அசைவுக்குத் தயாரானது. அப்படி நான் வாயை மட்டும் அசைத்தால் இங்கே நான்கில் ஒன்று இல்லாமல் போகும், யார் காதுக்கும் அது தப்பாது. நான் பாடுவதை நிறுத்தவில்லை. ஒலியைப் பிடித்தபடியே ஒரு படி கீழே இறங்கினேன். மணல் போய்விட்டது. நான்கு குரலும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்ததும், யாருமே பாடாத ஐந்தாவது ஒலி ஒன்று தலைக்கு மேலே கேட்டது. அதை நான் மட்டும் கேட்கவில்லை, ஜோயல் கண்ணை அகல விரித்தான். அப்படியே மூன்றாம் வரி, நான்காம் வரி, கடைசி நீட்டல். முடிந்துவிட்டது.

ஹெப்சிபா அக்கா தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

“ரெண்டாவது வரியில ஃபா மேல ஏறிட்டு. நீங்களே இறங்கி வந்துட்டீங்க, அது சரி. அடுத்த வாரம் ஏறாமலே பாடணும்.”

தலையாட்டினேன். அடுத்த வாரம் என்று சொன்னாளே என்பது எனக்கு உறைக்கச் செத்த நேரம் ஆனது. அதற்குள் தங்கபாய் என் முழங்கையைப் பிடித்து இழுத்து, பிளவுஸ் அளவு வேண்டும், நூலக விழாவுக்கு எல்லாரும் ஒரே மாதிரி நீலச் சேலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“டெனருக்கு வெள்ளச் சட்டைல்லா?” என்றார் ரத்தினம் அண்ணன். இந்த முறை அவர் கிண்டல் பண்ணவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. ஹெப்சிபா அக்காவுக்கும் தெரியவில்லை போலும். இப்படி ஒரு கேள்வி அந்தக் குழுவில் அதுவரை வந்ததே இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“சேலதான் கட்டுவேன்,” என்று டெனர் நிற்கும் இடத்தைக் காட்டினேன். “நிக்கிறது இங்கன.”

அந்த அறையில் என் குரல் அப்படியே, எதுவும் மூடாமல் கேட்டது. தங்கபாய் அளவை எழுதிக்கொண்டாள். ஜபருல்லா அண்ணன் எழுந்து வந்து, தன் பையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு நகர்ந்து நின்றார். ரத்தினம் அண்ணனும் ஜோயலும் அவருக்காக நகர வேண்டியிருந்தது, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள்.

ஹெப்சிபா அக்கா எல்லாரையும் நிற்கச் சொன்னாள். பன்னிரண்டு பேர். முழங்கையில் இசைக்கவையைத் தட்டினாள்.